பேஸ் வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன்

இந்தத் தை மாத முகூர்த்தங்களோடு நான் பேஸ் கிட்டார் வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன். என்னிடம் இருந்த ஃபெண்டர், யமஹா பேஸ்கள் இரண்டும் கைமாறிவிட்டன. பெடல்களும் ஒயர்களும் ஸ்டாண்டும் கூட ஒவ்வொன்றாகப் போய்விட்டன. செய்தி கேள்விப்பட்ட நண்பர்களில் பலர், வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஞாபகத்துக்காக ஒன்றையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை யோசித்துத்தான் முடிவு செய்தேன். பாட்டின் அடியில் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கிற பேஸ் கிட்டார், பிறரோடு சேர்ந்து ஒலிக்கும்போதுதான் முழுமை பெறுகிற கருவி. சேர்ந்து வாசிக்க ஆள் இல்லாமல் போன வீட்டில் அதைச் சுவரில் மாட்டிவைப்பது அந்தக் கருவிக்குச் செய்கிற மரியாதை ஆகாது என்று நம்புகிறேன்.

வீணையோ வயலினோ கற்றவர் தனியறையில் உட்கார்ந்து ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் வாசிக்கலாம், அது தன்னளவில் நிறைவான இசை. கீபோர்டுக்கு இரண்டு கைகளே போதும். பேஸையும் தனிக்கருவியாக உயர்த்திக் காட்டிய மேதைகள் இருக்கிறார்கள்; ஃப்ரெட், அதாவது விரல் பலகையின் குறுக்கே பதிக்கிற உலோகக் கட்டைகள், இல்லாத பேஸில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1970களில் செய்ததை எந்தக் காலத்திலும் வியப்போடுதான் கேட்பேன். ஆனால் நான் கற்றதும் வாழ்ந்ததும் அந்த வழியில் அல்ல. பாடுபவருக்குக் கீழே தரையாக இருப்பது, தாளக்காரரின் அடியோடு சேர்ந்து விழுவது, அடுத்த சுரம் எங்கே போகப்போகிறது என்பதைக் கால் மாத்திரை முன்பாகவே பாடகரின் காதுக்குத் தெரிவித்துவிடுவது என்ற வேலைதான் எனக்குத் தெரிந்த பேஸ் வாசிப்பு. அதற்குப் பாடகர் வேண்டும், தாளக்காரர் வேண்டும்.

நான் வாசித்தது திருச்சி வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றில். கிட்டாரை முதலில் தொட்டது நம் நாட்டுத் தயாரிப்பான ஒரு கிவ்சன் அக்கூஸ்டிக்கில். பேஸைக் கற்றுக்கொடுத்தவர் பொன்மலை ரயில்வே காலனியில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் இறுதியில் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்த அந்தக் காலனியில், கிறிஸ்துமஸ் நடனத்துக்கும் கல்யாண நடனத்துக்கும் வாசிக்கிற வீட்டுக்குழுக்கள் இருந்தன. தெருப்பிள்ளைகள் எல்லோரும் அவரை அங்கிள் என்றே கூப்பிடுவோம். அங்கிள் ஸ்கேல் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், ஒரு மாதம் முழுக்க ஒரே ஒரு சுரத்தை மட்டும், டிரம்ஸில் காலால் மிதிக்கிற அடி விழுகிற இடத்தில், அதே நீளத்தில், அதே அழுத்தத்தில் வாசிக்கச் சொன்னார். "விரலை எப்போது வைக்கிறாய் என்பது பாதி, எப்போது எடுக்கிறாய் என்பது மீதி" என்பார். பின்னால் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டுக்கொண்டேன். இதைவிடப் பெரிய பாடத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

குழுவில் சேர்ந்தபோது அந்தப் பாடத்தின் மேல் இன்னொரு பள்ளிக்கூடம் திறந்தது. மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவனுக்கு இளையராஜாவின் பாடல்கள்தான் பரீட்சை. அவருடைய பேஸ் வரி, அதாவது பேஸ் வாசிக்கிற சுரக்கோவை, பெரும்பாலும் கார்டின் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின்) மூலச் சுரத்திலேயே நின்றுகொண்டிருக்காது. பாடகர் ஒரு வழியில் போக, அதற்குப் பதில் சொல்வதுபோலத் தனியாக ஒரு மெட்டு கீழே நடந்துகொண்டிருக்கும். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு வேறொன்று, இரண்டாவது சரணத்தில் அதிலேயே ஒரு சிறு மாற்றம் என்று இருக்கும். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ரசிகருக்குப் பேஸ் என்ற கருவியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அந்த மாற்றத்தை விட்டுவிட்டு வாசித்தால் ஏதோ குறைகிறது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். ராஜாவிடம் சசிதரனும், ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸும் வாசித்த வரிகளை அப்படியே எடுப்பதற்காக நாங்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

எங்கள் குழுத்தலைவர் வீட்டில் இரண்டு கேசட் போடுகிற டேப் ரிக்கார்டர் இருந்தது. அதில் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு இரட்டை வேகத்தில் பதிவு செய்யும்போது, ஓடுகிற பாட்டைக் கேட்கவும் முடியும். வேகம் இரண்டு மடங்கானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஏறும். 41 ஹெர்ட்ஸில் முனகிக்கொண்டிருக்கிற கீழ் ஈ (E) தந்தி 82 ஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கும். வயலின்களும் குரலும் கீச்சென்று காதைத் துளைக்கும், ஆனால் பேஸ் வரி தனியாக மேலே வந்து நிற்கும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, சாதாரண வேகத்தில் மறுபடியும் போட்டுச் சரிபார்ப்பேன். தேய்ந்த கேசட்டும் தளர்ந்த மோட்டாரும் அரை சுரம் ஏற்றியும் இறக்கியும் காட்டும் என்பதால், முதலில் கருவியை அந்தக் கேசட்டுக்குத் தகுந்தபடி சுருதி சேர்த்துக்கொண்டுதான் உட்காருவோம்.

இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த வரி கிராமத்துத் திருவிழாக்களில் தெருவில் இருப்பவர்களுக்குக் கேட்காது. மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையுமே வெளியே விடாது. பேஸின் நான்கு தந்திகளும் திறந்த நிலையில் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிர்பவை. மேல் ஒலிகளை வைத்துக்கொண்டு காதே மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் தூரத்தில் கிடைக்கும். அதனால் எனக்கு ஒருபோதும் மனக்குறை வந்ததில்லை. மேடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தபேலாக்காரருக்கு அது கேட்கும். நான் ஒரு சுரத்தைக் கொஞ்சம் நீட்டினால் அவர் டக்காவில், அதாவது தபேலாவின் இடது கைப் பக்கத்தில், உள்ளங்கையை அழுத்தி அதே நீளத்துக்கு இழுப்பார். பாடுகிற அக்கா திரும்பிப் பார்க்காமலேயே தலையசைப்பார். அந்த மூன்று பேருக்குள் நடக்கிற அந்த ஒரு நொடிதான் எனக்கு இந்தக் கருவி கொடுத்ததிலேயே பெரிய சந்தோஷம். சம்பளத்தைவிட அது பெரிது என்று மனமார எழுதுகிறேன்.

அந்த மூவரில் இன்று மேடையில் யாரும் இல்லை. தபேலாக்காரர் மகனோடு கோவைக்குப் போய்விட்டார். அக்கா இப்போது பள்ளியில் பாட்டு டீச்சர். முழுக் குழுவுக்கு இருந்த கிராக்கி குறைந்தது ஒரே நாளில் நடந்ததில்லை. முதலில் கீபோர்டில் இடது கையைப் பேஸுக்கு ஒதுக்கிக்கொள்ளும் வசதி வந்தது. சின்ன பட்ஜெட் ரிசப்ஷன்களில் முதலில் கழற்றிவிடப்படுவது பேஸ்காரன்தான். பிறகு பாட்டின் இசை முழுவதும் டிராக்காகக் கிடைக்க ஆரம்பித்தது. ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும் போதும் என்று கல்யாண வீட்டார் நினைத்தார்கள். 2020இல் கொரோனாவுக்காக மண்டபங்களும் கோயில் திருவிழாக்களும் மூடியபோது, ஆடியில் அம்மன் கோயில், ஆவணியிலும் ஐப்பசியிலும் கல்யாணம், மார்கழியில் கிறிஸ்துமஸ் என்று ஓடிக்கொண்டிருந்த வருடச் சக்கரமே நின்றுபோனது. மீண்டும் ஆரம்பித்தபோது பாதிப் பேர் வேறு தொழிலில் இருந்தார்கள். மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களைப் பார்க்கும் வழக்கம் இல்லாமலேயே ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. டிராக்குக்குப் பாடுகிறவர் மூச்சு வாங்கினாலும் டிராக் காத்திருக்காது. நாங்கள் காத்திருப்போம்.

கடைசி இரண்டு மூன்று வருடங்களாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த அழைப்புகளில், டிராக்கின் மேலேயே நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். டிராக்கிலேயே பேஸ் இருக்கும். அதன் மேல் என் பேஸ் விழும். வீட்டிலும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பழைய பதிவுகளோடு வாசித்துப் பார்த்தேன். என்ன செய்தாலும் எதிரில் இருக்கிறவர் என்னைக் கேட்டுப் பதில் சொல்லப்போவதில்லை. அது போதும் என்று இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்குப் போதவில்லை. இடது கை மணிக்கட்டும் தன் பங்குக்கு வலிக்க ஆரம்பித்திருந்தது. 34 அங்குலத் தந்தி நீளமுள்ள பேஸின் நெக்கில் (கழுத்துப் பகுதியில்) முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவது ஃப்ரெட்டுக்கும் விரல்களை விரித்தே இருப்பது ஐம்பதைத் தாண்டிய கைக்கு எளிதல்ல. ஆனால் வலி மட்டும் காரணமாக இருந்திருந்தால் நெக் குட்டையான ஒரு பேஸுக்கு மாறியிருப்பேன்.

வாசிக்காமல் வைத்திருப்பதால் கருவிக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நான்கு தந்திகளின் இழுவிசை எப்போதும் நெக்கை முன்னால் வளைத்துக்கொண்டே இருக்கிறது. நெக்குக்குள் இருக்கிற இரும்புக் கம்பிதான் அதை எதிர்த்து நிற்கிறது. திருச்சியின் சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறி வரும்போது மரம் சுருங்கி விரியும், யாராவது கவனித்து அந்தக் கம்பியைக் கால் திருகு திருகிக்கொண்டிருக்க வேண்டும். ஒலியைச் சீராக்கும் மின்சுற்று உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கும்; அதை மறந்துவிட்டால் கசிந்து இணைப்புகளை அரித்துவிடும். தந்தியின் சுருளுக்குள் துரு ஏறும். வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற காலத்தில் அது மெதுவாகக் கெட்டுக்கொண்டிருக்கும்.

விற்க முடிவு செய்ததும், ஃபெண்டரைக் கூடத்தில் பாயை விரித்துப் படுக்கவைத்தேன். அது மெக்ஸிகோவில் என்செனாடா தொழிற்சாலையில் செய்த ப்ரிசிஷன் பேஸ். லியோ ஃபெண்டர் 1951இல் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவத்தின் வழிவந்தது. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தும், டிரம்ஸின் சத்தத்தில் கேட்கப்படாமலும் அவதிப்பட்டவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்கிற, ஃப்ரெட் போட்ட, மின்சாரத்தில் ஒலிக்கிற பேஸ் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! தந்திகளைக் கழற்றி, ஃப்ரெட்களின் ஓரத்தில் பல வருட வியர்வை படிந்த கறுப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். விரல் பலகை ரோஸ்வுட். ஃபெண்டர் 1960களின் நடுவில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற ஈட்டி மரத்துக்கு, மாறியது. எண்ணெய் தடவியதும் அந்தப் பலகையில் செந்நிறமும் கறுப்புமாக ரேகைகள் எழுந்தன.

அப்போதுதான் தேய்மானம் முழுதாகக் கண்ணில் பட்டது. ஏ (A) தந்திக்குக் கீழே மூன்றாவது ஃப்ரெட்டிலும் ஐந்தாவது ஃப்ரெட்டிலும் மட்டும் நகத்தால் தடவினால் தெரிகிற குழி. மூன்றாவது சி (C) சுரம், ஐந்தாவது டி (D) சுரம். எங்கள் குழுவின் பாடகர்கள் எந்தச் சுருதியில் பாடினார்கள் என்பதை அந்த உலோகமே சொல்கிறது. ஆண் குரலுக்காகப் பாட்டை டிக்கு இறக்கினால், நான்கு தந்திப் பேஸில் கீழ் டி கிடையாது. ஈக்குக் கீழே போக முடியாது. அதற்காகத்தான் ஐந்து தந்தி யமஹாவைப் பின்னாளில் வாங்கினேன். அதன் கீழ் பி தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் அந்த டி கிடைக்கும். ஃப்ரெட் குழியைப் படம் எடுத்து, விற்பனை விளம்பரத்தில் மற்றப் படங்களோடு சேர்த்தே போட்டேன். சீரியல் எண்ணையும், பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசிய கீறலையும், வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்காமல் இருப்பதற்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்ததையும் எழுதினேன். பழைய கருவியை விற்பவர் குறையை முதலில் சொல்லிவிட்டால், வாங்க வருகிறவர் பாதிப் பேரம் பேசுவதை விட்டுவிடுகிறார்.

விளம்பரம் போட்ட அன்றே ஒருவர் போன் செய்து, தான் ராணுவத்தில் இருப்பதாகவும், பார்க்காமலே முழு விலைக்கும் எடுத்துக்கொள்வதாகவும், தான் அனுப்புகிற கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும் என்றும் சொன்னார். ராணுவத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற இந்த வித்தை நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணைத் தட்டவோ தேவையே இல்லை. அதைக் கேட்கிறவர் பணத்தை எடுக்கத்தான் கேட்கிறார். கருவி விற்கிற எல்லோரும் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையாகவே வாங்க விரும்பியவர்களிடம் விலைக்கு முன்னால் நான் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் யாரோடு வாசிக்கிறீர்கள்? சிலருக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுக்கிறேன், உங்களுக்கு ஏன் அது என்றார் ஒருவர். அவர் கேட்டது நியாயம்தான், ஆனாலும் அவருக்கு விற்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்ற ஒரு கல்லூரி மாணவரிடம், முதலில் தாளம் வாசிக்கிற ஒரு நண்பனைப் பிடித்துக்கொள், விலை குறைந்த புதுக் கருவி ஒன்று போதும், ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் எனக்கு போன் செய் என்றேன். கடைசியில் ஃபெண்டரை சென்னையில் பதிவு வேலைகளுக்கு வாசிக்கிற ஒருவர் 45,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அவர் தந்தியை மாற்றாமலேயே வாங்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. அதில் நான் போட்டிருந்தது வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் தந்தி, பழசாகப் பழசாக ஒலி உருண்டு வருகிற ரகம். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அந்த வகைத் தந்தியை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். 1971 வரை அவர் பெயரை அந்த நிறுவனம் இசைத்தட்டு உறையில் போடவே இல்லை. நம் ஊரிலும் எத்தனை உறைகளில் பேஸ் வாசித்தவர் பெயர் இருந்தது? ரசிகர்கள் அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வளர்ந்தார்கள், வாசித்தவரின் முகம் தெரியாமல்.

யமஹா லால்குடிப் பக்கத்து தேவாலயப் பாடகர் குழு ஒன்றுக்குப் போனது. வாசிக்கிற பையன் தன் சித்தப்பாவோடும், கஹோன் என்ற பெட்டித் தாளக்கருவி வாசிக்கிற நண்பனோடும் பஸ்ஸில் வந்திருந்தான். கருவியைக் கையில் கொடுத்ததும் வேகமாக எதுவும் வாசித்துக் காட்டவில்லை. நண்பனைப் பார்த்துத் தலையசைத்தான். அவன் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைத் திருப்பிவைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். பையன் கீழ் பி தந்தியில் அந்த டியை வைத்து, தட்டு விழுகிற இடத்தில் வைத்து, தட்டு ஓய்கிற இடத்தில் எடுத்தான். "அண்ணே, இந்தத் தந்தி மட்டும் கொஞ்சம் மெத்துனு இருக்கே, ஏன்?" என்று கேட்டான். 34 அங்குல நீளத்தில் கீழ் பி அப்படித்தான் இருக்கும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தடிமனான தந்தி போட்டுப்பாரு தம்பி, தந்திகளைத் தாங்குகிற பாலத்துக்கு (பிரிட்ஜுக்கு) பக்கத்தில் கையை வைத்து மீட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். வாசித்து முடித்ததும் ஒயரைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும், செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதையும் சொன்னேன். சித்தப்பா ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னார். இரண்டாயிரம் குறைத்து, டியூனர் பெடலையும் கையில் கொடுத்தனுப்பினேன்.

பையன் ஒன்று கேட்டிருக்கிறான்: நான் கேசட்டிலிருந்து எழுதிவைத்த பேஸ் நோட்டுகள் கிடைக்குமா என்று. அவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்தும் நானே உண்டாக்கிக்கொண்ட குறியீடுகளும் அவனுக்குப் புரியாத இடங்களில் போன் செய்கிறான், வாயால் பாடிக்காட்டுகிறேன்.

மிச்சமிருப்பது ஹார்ட்கே பேஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான். அலுமினியக் கூம்பு ஸ்பீக்கர், சத்தத்தில் குறையில்லை, மேல் கிரில்லில் ஒரு நசுங்கல் இருக்கிறது, சக்கரங்களில் ஒன்று புதிதாக மாட்டியது. ஒரு ஆளால் மாடிப்படி ஏற்ற முடியாத எடை, பார்சலில் அனுப்பவும் எனக்கு மனமில்லை. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் குழுவிலோ கோயிலிலோ வாசிக்கிறவர்கள் யாராவது வண்டியோடு வந்தால், வாசித்துப் பார்த்துவிட்டு அவர்களால் முடிந்த விலையைச் சொல்லி எடுத்துக்கொண்டு போகலாம். வரும்போது தாளக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.